ஒச்சப்பன் நெஞ்சில் ஏறிய பாட்டு

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் ஒச்சப்பன். அவனுக்குப் பின்னால் செய்தவர்கள் நிறையப் பேர், அவர்களில் சிலரை மறந்துவிட்டேன், இரண்டு பேரின் எழவுக்குப் போய் மாலைகூடப் போட்டேன். ஆனால் முதலில் செய்தவன் ஒச்சப்பன், என் சொந்த அத்தை மகன், சுண்ணாம்புக் காளவாசலில் என்னோடு ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவன். இதைச் சொல்லாமல் எங்கள் ஊரில் மூச்சு கூட்டுச் சேர்ந்த கதையைச் சொல்ல முடியாது. மற்றவர்கள் வேறு இடத்திலிருந்து தொடங்குவார்கள். தொடங்கட்டும்.

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம், எங்கள் ஊத்துப்பாறை மந்தையில் சடுகுடு இறுதி ஆட்டம். டவுன் மில் ஒன்றில் சடுகுடு அணி வைத்திருந்தார்கள், நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லிலேயே நிரந்தர வேலை. ஆள் பார்க்க வந்தவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடைசியாகப் பாடிப் போனவன் நான். எதிர்க் களத்துக்குள் போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது ஐந்து பேர் என் மேல் விழுந்தார்கள். விழுந்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஊர்ந்தேன், வாய் புழுதிக்குள் புதைந்திருந்தது, ஆனாலும் பாட்டை விடவில்லை, சடுகுடு சடுகுடு என்று மண்ணுக்குள்ளேயே பாடிக்கொண்டு வந்து நடுக்கோட்டில் விரலை வைத்தேன். வைத்த பிறகுதான் மூச்சு வாங்கினேன். ஒரே மூச்சில் போய் அதே மூச்சில் திரும்ப வேண்டும், நடுவில் வாங்கினால் ஆட்டம் போச்சு, அதுதான் சட்டம். நான் வாங்கவில்லை. நடுவராக நின்ற ஒச்சப்பன் விசில் ஊதி, "பாட்டு அந்துபோச்சு" என்றான்.

நாற்காலியில் இருந்தவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். நான் போய் ஒச்சப்பனின் சட்டையைப் பிடித்தேன். "கேக்கலடா மாப்ள, எனக்குக் கேக்கல" என்றான். மண்ணுக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தினேன். மில்லுக்குப் போக வேண்டியவன் முப்பத்தொரு வருஷம் காளவாசலில் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டேன்.

மூச்சு கூட்டுச் சேர்ந்தது போன வருஷம், சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். கிழக்குத் தெருவில் ஒருத்தி ஊதாங்குழலை எடுத்து அடுப்பை ஊதினாள். மேலத் தெருவில் சவரம் செய்துகொண்டிருந்தவனுக்கு நெஞ்சு தானாக விரிந்தது, இனி இடமில்லை என்ற பிறகும் விரிந்தது, அவன் பாதிக் கன்னத்துச் சோப்போடு தெருவுக்கு ஓடி வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் தும்மினான், பால் கறந்துகொண்டிருந்த கிழவர் பின்னால் சாய்ந்தார். மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஊரில் ஒவ்வொருவரின் மூச்சும் இன்னொருவரின் மூச்சோடு கட்டப்பட்டிருந்தது, இவர் இழுத்தால் அவர் விட வேண்டும், அவர் இழுத்தால் இவர் விட வேண்டும், இவர் இழுத்தபடியே நின்றுகொண்டால் அவர் வெறும் நெஞ்சோடு நிற்க வேண்டும், ஒரே கயிற்றில் இரண்டு வாளி கட்டிய கிணறு மாதிரி.

யாரோடு யார் என்றுதான் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வந்துபோகிற நர்சம்மா ஜெபக்கனிக்கு இது ஒட்டவில்லை, அதனால் அவள்தான் நிதானமாக இருந்தாள். ஊரையே பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக எழுப்பி, நெஞ்சு நிறைய இழுத்து அடக்கச் சொன்னாள். கூட்டத்தில் யார் முகம் நீலம் பாரிக்கிறதோ அவர்தான் ஜோடி என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். மாமியாரும் மருமகளும் ஜோடியானார்கள், தலையில் அடித்துக்கொண்டார்கள். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் ஜோடியானார்கள், அடுத்த வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் போனார்கள். இந்த உறவுக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது, மூச்சுப் பங்காளி என்று யாரோ சொன்னார்கள், அதுவே நின்றுவிட்டது. பங்காளி என்றால் பாதி சொந்தம், பாதி பகை. எங்கள் ஊருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

என் முறை வந்தது. எனக்கு வயது அறுபத்தாறு, ஆனாலும் மூச்சை அடக்குவது என்றால் விட்டுக்கொடுக்க மாட்டேன். இழுத்து அடக்கினேன். ஐம்பது எண்ணுவதற்குள் வேப்பமரத்தடி பெஞ்சிலிருந்து ஓர் ஆள் சரிந்து விழுந்தான். பார்த்தால் ஒச்சப்பன்.

"விடுங்கய்யா, மூச்ச விடுங்க" என்று ஜெபக்கனி கத்தினாள். நான் எழுபது வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் விட்டேன்.

என் பெண்டாட்டி சிட்டம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நாப்பது வருசமா மொகத்தத் திருப்பிட்டுப் போன. இப்பப் போ, எங்க போவ?"

மூன்று மாதத்தில் ஊர் பழகிவிட்டது. டவுனிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், படத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இட்லி சாப்பிட்டுப் போனார்கள். ஊதாங்குழல்களை எல்லாம் சேகரித்துப் பரணில் போட்டார்கள். கோயிலில் சங்கு ஊதுவதை நிறுத்தினார்கள், மலைக்கு ஆடு ஓட்டுகிறவர்கள் ஏறுவதற்கு முன்னால் பங்காளி வீட்டு வாசலில் நின்று "ஏறப் போறேன், ஒக்காந்துக்க" என்று சொல்லிவிட்டு ஏறினார்கள். சண்டையில் யாரும் குரலை உயர்த்துவதில்லை, உயர்த்தினால் இன்னொரு தெருவில் சம்பந்தமில்லாத ஒருவர் வந்து "என் மூச்சத் திங்காத" என்று கேட்பார். பஸ் டிக்கெட் பரிசோதகர் தவசி, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்குப் பங்காளியாக இருந்தார். அவளுக்கு வலி கண்டபோது அவரையும் கட்டிலோடு தூக்கி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் போட்டார்கள், உள்ளே அவள் முக்க முக்க வெளியே அவருக்கு நெஞ்சு விரிந்து விரிந்து சுருங்கியது, குழந்தை பிறந்ததும் மயங்கிவிட்டார். அவர் பெண்டாட்டி அவருக்கு ஒரு மாதம் பூண்டுக் குழம்பு வைத்துப் பத்தியம் போட்டாள். பிறகு ஊரில் அதுவே வழக்கமாகிவிட்டது.

சடுகுடுவை மட்டும் ஊர்க்கூட்டம் போட்டே தடுத்தார்கள். ஒருவன் பாடிப் போனால் அவன் பங்காளிக்கு நெஞ்சு வெடிக்கும், பாட்டு முடிந்து இவன் ஒரே இழுப்பாக இழுத்தால் அவனுக்கு உயிர் உருவும். மந்தையில் மக்காச்சோளம் காயப் போட்டார்கள்.

சாவு வந்தபோதுதான் எல்லாரும் பயந்தார்கள். முதல் சாவில் இரண்டு பேரும் போனார்கள். இரண்டாவதில் ஒருத்தி பிழைத்தாள். மூன்றாவது, நான்காவது பார்த்த பிறகு விவரம் தெரிந்தது: ஒருவர் போகிற நேரத்தில் மூச்சு யார் நெஞ்சில் இருக்கிறதோ அதைப் பொறுத்தது எல்லாம். போகிறவர் கடைசி மூச்சை விட்டுவிட்டுப் போனால் அது இவர் நெஞ்சுக்கு வந்துவிடும், இவர் பிழைப்பார். உள்ளே இழுத்து வைத்துக்கொண்டே போனால் இவரும் வெறும் நெஞ்சோடு கூடப் போக வேண்டியதுதான்.

கார்த்திகையில் ஒச்சப்பன் படுத்தான். காளவாசல் புழுதியும் பீடியும் அவன் நுரையீரலைக் கெட்டிப்படுத்தியிருந்தன. எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை, என் நெஞ்சே சொன்னது. அவனால் கொஞ்சமாகத்தான் இழுக்க முடிந்தது, அதனால் என்னால் கொஞ்சமாகத்தான் விட முடிந்தது, விட முடியாததால் புதிதாக இழுக்க இடமில்லை. பழைய காற்று உள்ளேயே நின்று புளித்தது. குடத்தில் தண்ணீர் தூக்க முடியவில்லை, மல்லாந்து படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு, நான்கு வீடு தள்ளிப் படுத்திருக்கிற என் எதிரியின் நெஞ்சு எப்போது தூக்கும் என்று காத்திருந்தேன். அவன் இருமினால் எனக்கு வலித்தது. அவன் பயந்தபோதுகூட எனக்குத் தெரிந்தது, மூச்சு பொடிப்பொடியாக வந்தது.

ஜெபக்கனி என்னைப் பார்க்கவும் வந்தாள். "நல்ல காத்து பத்தலம்மா" என்றேன்.

"நல்ல காத்து கொறையுறது ஒடம்புக்குச் சட்டுனு தெரியாதுய்யா" என்றாள். "நுரையீரல்ல கொத்துக்கொத்தாச் சின்னச் சின்னப் பை இருக்கு. அதுல நல்ல காத்து ரத்தத்துக்குள்ள போகும், ரத்தத்துல இருக்க கெட்ட காத்து வெளிய வரும். அந்தக் கெட்டது சேந்தாத்தான் மூளை மூச்சு விடு, மூச்சு விடுன்னு அடிச்சுக்கும். இப்ப ஒங்களுக்கு முட்டுது பாருங்க, அது கெடைக்காத காத்து இல்ல, வெளிய போகாத காத்து."

நாற்பத்திரண்டு வருஷமாக எனக்கு முட்டுவதும் அப்படித்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. மில் வேலை கிடைக்காததைச் செரித்துவிட்டேன். ஒச்சப்பன் "பாட்டு அந்துபோகல" என்று சொல்லாததுதான் வெளியே போகாமல் நின்றது. அன்று என் பாட்டுக் கேட்கிற தூரத்தில் இருந்தவர்களில் அவனையும் என்னையும் தவிர ஒருவரும் உயிரோடு இல்லை. அவன் சொல்லாமல் போய்விட்டால், ஊர் இருக்கிற வரைக்கும் நான் பாட்டை விட்டவன்தான்.

அதனால் பங்குனியில் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். நான்கு வீட்டைக் கடக்க மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். சிட்டம்மா என் பின்னாலேயே வந்தாள்.

ஒச்சப்பனின் மகள் பாண்டியம்மா கதவைத் திறந்தாள். "வாங்க மாமா" என்றாள், ஏதோ நேற்றுத்தான் வந்துபோனவனைக் கூப்பிடுகிற மாதிரி. உள்ளே மூன்று தலையணையில் சாய்ந்து ஒச்சப்பன் கிடந்தான். பக்கத்தில் நின்ற ஜெபக்கனி அவன் விரலில் ஒரு கிளிப்பை மாட்டியிருந்தாள், ரத்தத்தில் நல்ல காற்று எவ்வளவு என்று அதில் எண் எரிந்தது, மூலையில் இரும்புச் சிலிண்டர் நின்றது. எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனால் கண் அதே கண்தான், விசில் ஊதும்போது இருந்த கண்.

"மச்சான்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது, வாய் கூசியது. "சொல்லிரு. அன்னிக்கிப் பாட்டு அந்துபோகலன்னு ஒரு வார்த்த சொல்லிரு. சாட்சிக்கு இவங்க மூணு பேரு இருக்காங்க."

ஒச்சப்பனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"பேசணும்னா வெளிய விட மூச்சு வேணும்யா" என்றாள் ஜெபக்கனி. "அவருக்கு உள்ள போறதே அரைக்கரண்டி. அதுல எங்க பேச?"

"நான் குடுக்குறேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. சிட்டம்மாவுக்கு மட்டும் புரிந்தது, முந்தானையை வாயில் வைத்தாள். நான் எவ்வளவு விடுகிறேனோ அவ்வளவும் அவன் நெஞ்சில் ஏறும், அதுதான் கட்டு. இது நாள் வரைக்கும் அவன் இழுப்புக்குத் தக்கபடி நான் விட்டேன். இப்போது நான் முந்திக்கொண்டு விட வேண்டும், பிடிவாதமாக, நிறுத்தாமல், அடிவயிற்றில் உள்ளது வரைக்கும். அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

"வேணாம்யா" என்றாள் சிட்டம்மா. "நீ வெறும் நெஞ்சா நிக்கிறப்ப அவன் போய்ட்டான்னா?"

"போனாப் போறேன்."

"ஒரு வார்த்தைக்கா?"

"ஒனக்கு அது ஒரு வார்த்த."

"எனக்கு நீ ஒரு ஆளு" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தின் பேரை முணுமுணுக்கத் தொடங்கினாள்.

ஒச்சப்பன் நெஞ்சு தாழ்கிற நேரம் பார்த்து, இழுக்க முடிந்தவரை இழுத்தேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக் குனிந்தேன். தொடங்கினேன்.

சடுகுடு சடுகுடு சடுகுடு. சத்தம் பெரிதாக வரவில்லை, தகரத்தில் மழை தூறுகிற அளவு. ஒச்சப்பனின் நெஞ்சு மெல்லத் தூக்கியது. சடுகுடு சடுகுடு. கெட்டிப்பட்டுப்போன அந்த நுரையீரல் இடம் கொடுக்க மறுத்ததும் தெரிந்தது, நான் தள்ளியதும் தெரிந்தது, புது மூட்டையில் சுண்ணாம்பை அமுக்கி அடைக்கிற மாதிரி அமுக்கினேன், விலா ஒவ்வொன்றாகப் பிரிந்தது, பனியனுக்கு மேலே கழுத்துக் குழி நிரம்பியது. எனக்குக் கண் இருட்டியது, காதுக்குள் மந்தையின் இரைச்சல் கேட்டது, ஐந்து பேர் முதுகில் கிடந்தார்கள், வாயில் புழுதி, சடுகுடு சடுகுடு, மூச்சு வாங்கு, வாங்கு என்று மூளை அடித்துக்கொண்டது, வாங்கவில்லை, வாங்கினால் அவன் நெஞ்சு இறங்கிவிடும், எள்ளளவு வாங்கினாலும் எள்ளளவு இறங்கும், ஏமாற்ற முடியாது. அன்றைக்கு மண்ணுக்குள் போன பாட்டு இன்றைக்கு நடுவரின் நெஞ்சிலேயே ஏறிக்கொண்டிருந்தது, அந்த நெஞ்சு ஒரு தடவைகூடத் தாழாமல் ஒரே ஏற்றமாக ஏறியது, இதைவிட ஒரு மனிதன் எப்படி நிரூபிப்பது. எல்லாம் தீர்ந்த பிறகும் அடியில் கொஞ்சம் இருந்தது. அதையும் பாடினேன்.

பாட்டு முடிந்தபோது என்னிடம் ஒன்றுமில்லை. கட்டிலருகே முழங்காலில் கிடந்தேன். ஒச்சப்பன் நெஞ்சு நிறைய, நான்கு மாதத்தில் முதல் தடவையாக, நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்படியே அவன் போயிருந்தால் நானும் போயிருப்பேன். அவனுக்கும் அது தெரியும், என்னை ஒருமுறை பார்த்தான். ஊரிலுள்ள நேரமெல்லாம் அவன் கையில் இருந்தது.

பிறகு வாயைத் திறந்தான். பழைய குரல், கணீரென்று வந்தது.

"பாண்டியம்மா" என்றான். "மோட்டார் ஸ்டார்ட்டர்ல எறும்பு அடச்சுக் கெடக்கு, பீசப் புடுங்கிட்டுத் தொட, இல்லைன்னா ஷாக்கடிக்கும். செவலக் கன்னுக்குட்டிய வித்துராத, அது ஒங்காத்தா பேர் சொல்லிக் குடுத்த மாட்டோட ஈத்து. ராவுத்தர் வீட்டுக்குப் பத்துக் கிடுகு குடுக்கணும், பின்னியாச்சு, கொட்டாயில இருக்கு. அழுவாத, மூக்கச் சிந்து. அய்யா நல்லாத்தான் இருக்கேன்."

அவன் பேசப் பேச எனக்கு நெஞ்சு நிரம்பியது. அவனுக்குள் போன அதே காற்று, என் காற்று, அவன் சொற்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நான் காத்திருந்தேன். இப்போது வரும், இப்போது வரும். அவன் நெஞ்சு பாதி இறங்கியது, முக்கால் இறங்கியது, விலா பழையபடி ஒட்டியது. கட்டில் சட்டத்தைக் குலுக்கினேன். "மச்சான், அதச் சொல்லு."

ஒச்சப்பன் மகளின் பக்கமே திரும்பியிருந்தான். கடைசியில் மிச்சமிருந்ததை உதட்டில் கூட்டி, "மாமன் வந்திருக்கான், ஒரு வாய் காப்பித் தண்ணி போட்டுக் குடு" என்றான். தலை சாய்ந்தது. கிளிப்பில் எண் எரியவில்லை.

பாண்டியம்மா அழுதாள். நான் எழுந்து நின்றேன், மார்பு பானை மாதிரி நிறைந்திருந்தது. ஜெபக்கனியைப் பார்த்து, "நெஞ்சப் பாத்தீல்லம்மா? நடுவுல தாழல, பாத்தீல்ல?" என்று கேட்டேன்.

"நான் நம்பரப் பாத்துட்டு இருந்தேன்யா" என்றாள்.

பாண்டியம்மாவிடம் அந்த நேரத்தில் கேட்கக்கூடாது, கேட்டேன். "நான் அய்யா மொகத்தத்தான் பாத்தேன் மாமா." சிட்டம்மா கண்ணையே திறந்திருக்கவில்லை. பார்த்தவன் ஒருவன்தான், தன் நெஞ்சுக்குள்ளேயே பார்த்தவன், அவன் கண்ணை ஜெபக்கனி மூடிக்கொண்டிருந்தாள்.

எழவு வீடு என்றும் பாராமல் பாண்டியம்மா உள்ளே போய்க் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள், அப்பன் சொன்ன கடைசி வேலை அதுதானே. டம்ளரை நீட்டினாள். நான் வாங்கவில்லை. சிட்டம்மா வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னாள்: "மூச்ச உள்ள வச்சுக்கிட்டே போயிருக்கலாம் அவன். ஒன்ன நெறச்சு விட்டுட்டுப் போயிருக்கான்யா. இதுக்கு மேல என்ன வேணும் ஒனக்கு?"

"அது என் மூச்சு" என்றேன். "அவன் கிட்டருந்து வர வேண்டியது வேற."

ஊரில் மற்றவர்களுக்குக் கட்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வாசலில் நின்று சொல்லிவிட்டு மலை ஏறுகிறார்கள், மெதுவாகச் சண்டை போடுகிறார்கள். என் மூச்சு மட்டும் எனக்கே திரும்பிவிட்டது. ஆனால் நெஞ்சுக்குப் பழக்கம் போகவில்லை, ஒவ்வொரு தடவையும் விட்ட பிறகு உடனே இழுக்காமல் அவன் முறை முடியட்டும் என்று நிற்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான்கு வீடு தள்ளிக் காது கொடுக்கிறேன். அங்கே மோட்டார் ஓடுகிறது, செவலைக் கன்று கத்துகிறது. ஒச்சப்பன் எனக்குத் தர வேண்டிய இரண்டு வார்த்தை இன்னும் வரவில்லை. உள்ளே முட்டுகிறது, இழுக்கிறேன்.